உச்சிப் படத்தில் இல்லாத மாணவன்

சில ஆண்டுகளுக்கு முன், கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு குன்றுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 28 பேரை அழைத்துச் சென்றார்கள். துணைக்குப் போன பெரியவர்களில் நானும் ஒருவன். ‘தலைமைப் பண்புப் பயிற்சி முகாம்’ என்று அதற்குப் பெயர். காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் பயிற்சியாளர் விசில் ஊதினார். முதலில் உச்சியைத் தொடும் மூன்று பேருக்குப் பதக்கம் என்றார். முக்கால் மணி நேரத்தில் கூட்டம் நாலு துண்டாகப் பிரிந்துவிட்டது. பாதி வழியில், உருண்டைக் கற்கள் கிடந்த ஓர் ஓடையைக் கடக்கும்போது ஒரு மாணவிக்குக் கணுக்கால் பிசகியது. அவளோடு நடந்துவந்த ஐந்து பேரில் நான்கு பேர் மேலே போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் நின்றான். தன் பையை அவள் தலைக்கு அணையாக வைத்தான். ஷூ கயிற்றைத் தளர்த்திவிட்டான். பின்னால் ஏறிவந்த என்னைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டான். மற்றவர்கள் இறங்கி வரும்வரை, வெயில் நகர நகர அவளையும் நிழலுக்கு நகர்த்தியபடி இரண்டரை மணி நேரம் அங்கேயே இருந்தான்.

மாலையில் ‘சிறந்த இளம் தலைவர்’ சான்றிதழ், முதலில் உச்சிக்கு ஓடியவனுக்குக் கொடுக்கப்பட்டது. பள்ளி ஆண்டு மலரில் உச்சிப் பாறையில் கைகளை உயர்த்தி நிற்கும் மாணவர்களின் படம் வந்தது. கீழே ‘நாளைய தலைவர்கள்’ என்று எழுதியிருந்தார்கள். ஓடையருகே நின்றவன் அந்தப் படத்தில் இல்லை.

அந்த ஓடிய மாணவன் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. எதற்குப் பரிசு என்று சொன்னார்களோ அதைத்தான் அவன் செய்தான். பயிற்சியாளரும் கெட்ட மனிதர் அல்லர். பிழை அவர்கள் எல்லோரும் நம்பிய கருத்தில் இருக்கிறது. பள்ளி விளம்பரங்களிலும் நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளிலும் பெற்றோர் பேச்சிலும் இன்று அந்தக் கருத்துதான் ஓங்கி நிற்கிறது. மலையேற்றம் பிள்ளைகளைத் தலைவர்களாக்கும் என்று அது சொல்கிறது. எப்படி ஆக்கும் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். சிரமப்பட்டால் மனம் உறுதிப்படும், உறுதிதான் தலைமை என்பது முதல் பதில். காட்டில் விட்டால் இயல்பாகவே தலைவன் யாரென்று வெளியே வந்துவிடும் என்பது இரண்டாவது. உச்சியைத் தொட்டவனுக்கு வாழ்க்கையில் எதையும் தொடலாம் என்ற நம்பிக்கை பிறக்கும் என்பது மூன்றாவது.

இந்த மூன்றும் தவறு என்பதுதான் என் வாதம். இளைஞர்கள் மலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் அதிகம் போக வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் இந்தக் கருத்தோடு அழைத்துப் போனால், மலை கற்றுத்தரக் கூடியதை நாமே தடுத்துவிடுகிறோம்.

சிரமம் ஆசிரியர் அல்ல

கஷ்டப்பட்டால் பண்பு வளரும் என்பவர்கள் தங்களுக்கு முன்னோடியாகக் கர்ட் ஹானைக் காட்டுவார்கள். ஜெர்மனியில் சாலெம் பள்ளியை 1920இல் தொடங்கியவர் அவர். நாஜிகளை எதிர்த்ததால் 1933இல் கைதாகி, விடுதலையான பின் பிரிட்டனுக்குப் போய் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். 1941இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் தொடங்கிய ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளி அவருடைய சிந்தனையிலிருந்து வந்தது. இன்று உலகம் முழுவதும் நடக்கும் வெளிப்புறப் பயிற்சிகளுக்கு அதுதான் தாய்வேர்.

அந்தப் பள்ளி ஏன் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். போர்க் காலத்தில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்காக்கும் படகுகளில் உடல்வலு மிக்க இளம் மாலுமிகள் மடிகிறார்கள், வயதில் மூத்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். ஹானின் திட்டத்துக்கு அவர் பணம் கொடுத்தது இந்தக் கவலையால்தான். உடல்வலு மட்டும் காப்பாற்றவில்லை என்ற பாடத்திலிருந்து தொடங்கிய பயிற்சி அது. அதைத்தான் நாம் இன்று உடல்வலுப் போட்டியாக மாற்றி வைத்திருக்கிறோம்.

ஹானும் சிரமத்தை அதன் பொருட்டுப் போற்றியவர் அல்லர். பிறர் உயிரைக் காக்கும் பணியே இளைஞனின் உள்ளே இருக்கும் ஆற்றலை வெளியே கொண்டுவரும் என்று அவர் நம்பினார். அதனால்தான் அவருடைய மாணவர்கள் கடலோரக் காவல் பணியிலும் தீயணைப்பிலும் மலை மீட்பிலும் பழகினார்கள். மலையும் கடலும் அவருக்குக் களங்கள். பாடம் வேறு ஒருவர் மீது கொள்ளும் பொறுப்பு. ஹானின் பெயரைச் சொல்லிக்கொண்டு, கணுக்கால் பிசகியவளைத் தாண்டி ஓடியவனுக்குப் பதக்கம் கொடுப்பது, அவர் சொன்னதைத் தலைகீழாக்குவது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பால் பெட்ஸோல்ட் 1924இல், தமது 16ஆவது வயதில், மாடு மேய்ப்பவர்கள் அணியும் பூட்ஸோடு கிராண்ட் டீட்டன் சிகரத்தில் ஏறினார். போதிய உடையில்லை, கருவியில்லை, அனுபவமும் இல்லை. சாவின் அருகே போய்த் திரும்பினார். சிரமமே ஆசிரியர் என்றால் அந்த மலைதான் அவருக்குப் போதுமான பள்ளி. அவர் அப்படி நினைக்கவில்லை. 1938இல் கே2 சிகரப் பயணம் வரை போய்வந்த பிறகும், பெரிய மலைகளில் ஏறத் தெரிந்தவர்களுக்கு ஒரு குழுவை நடத்தத் தெரியவில்லை என்ற குறை அவரை உறுத்தியது. 1965இல் வயோமிங் மாநிலத்தின் லேண்டர் ஊரில் ‘தேசிய வெளிப்புறத் தலைமைப் பள்ளி’யைத் தொடங்கினார். நோல்ஸ் என்று இன்று அறியப்படுவது அதுதான். அவர் அங்கே வலியுறுத்தியவை மூச்சையும் சக்தியையும் அளந்து செலவிடுவது, நேரத்தைத் திட்டமிடுவது, சூழ்நிலையைக் கணித்து முடிவெடுப்பது, குழுவில் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்வது என்பவை. இவை எதுவும் சிரமப்படுவதால் தாமாக வந்துவிடுவதில்லை. ஒருவர் சொல்லித்தந்து, செய்யவிட்டு, திருத்தினால்தான் வரும்.

‘மலையே பேசட்டும், நாம் பேச வேண்டாம்’ என்ற வாதம் இந்தத் துறையில் பழையது. மலைகளால் தாமாகப் பேச முடியுமா என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்து 1980இல் தாமஸ் ஜேம்ஸ் கட்டுரையே எழுதினார். என் அனுபவத்தில் மலை பேசுகிறது. ஆனால் கேட்பவன் ஏற்கெனவே எதை நம்புகிறானோ அதையே பேசுகிறது. முந்தினால்தான் மதிப்பு என்று நம்பி ஏறும் சிறுவனுக்கு, முந்தினால்தான் மதிப்பு என்றே மலை சொல்லும். நான் எதற்கும் லாயக்கில்லை என்று நம்பி ஏறும் சிறுமிக்கு, மூச்சிரைத்து நிற்கும் ஒவ்வொரு திருப்பமும் அதையே உறுதி செய்யும். ஒரே சிரமம் ஒருவனுக்குச் செருக்கையும் இன்னொருத்திக்குத் தாழ்வையும் தந்து அனுப்பினால், அதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது?

ஆய்வுகளையும் பார்ப்போம். ஜான் ஹாட்டியும் உடன் ஆய்வாளர்களும் 96 ஆய்வுகளைத் தொகுத்து 1997இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். இத்தகைய பயிற்சிகளால் பலன் உண்டு என்றும், முகாம் முடிந்த பிறகும் அந்தப் பலன் தொடர்கிறது என்றும் அது காட்டியது. நம் ஊர் விளம்பரதாரர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வு, திட்டத்துக்குத் திட்டம் பலன் பெரிதும் மாறுபடுகிறது என்றும், நீண்ட நாள் திட்டங்களே கூடுதல் பலன் தருகின்றன என்றும் சொன்னது. மலை எல்லா இடத்திலும் மலைதான், சிரமம் எல்லா இடத்திலும் சிரமம்தான். பலன் மட்டும் மாறுகிறது என்றால், அதை முடிவு செய்வது சிரமம் அல்லாத வேறொன்று.

ஆஸ்திரேலிய அறிஞர் ஆண்ட்ரூ புரூக்ஸ் இதற்கும் மேலே போனார். காட்டில் ஒருவர் நடந்துகொள்ளும் விதம் காட்டின் சூழலால் வருவது, அதை அவருடைய நிலையான பண்பு என்று எடுத்துக்கொள்வது பிழை என்றார். முகாமில் தைரியமாக இருந்தவன் வீட்டிலும் அப்படியே இருப்பான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இந்த விமர்சனத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் ‘பண்பை வளர்க்கிறோம்’ என்ற வாக்குறுதியைக் கைவிடச் சொல்கிறேன். இரண்டு நாளில் யாருக்கும் புதிய குணம் வந்துவிடாது. சில பழக்கங்களைச் செய்து பார்க்கலாம். பின்னால் திரும்பிப் பார்ப்பது, கேட்டுவிட்டு முடிவெடுப்பது, முடிவுக்குக் காரணம் சொல்வது, தவறினால் ஒத்துக்கொள்வது. பழக்கங்களை ஓரிடத்தில் செய்து பார்த்து, பேசித் தெளிந்து, வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியும். சமையல் கற்பது போலத்தான் இதுவும். கொஞ்சம் சிரமம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. குழம்புக்கு உப்பு வேண்டும். உப்பே குழம்பு ஆகாது.

‘இயல்பான தலைவன்’ யார்?

காட்டில் விட்டால் தலைவன் தானாக வெளிவருவான் என்ற இரண்டாவது பதில்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஏனென்றால் அது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது.

வகுப்பறையில் யார் குரல் ஓங்கி ஒலிக்கிறதோ, அதே குரல்தான் மலையிலும் ஓங்கி ஒலிக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவன், உயரமானவன், நல்ல ஷூ வாங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, முன்பே இரண்டு முகாம்களுக்குப் போனவன் ஆகியோர் முன்னால் வருகிறார்கள். பெண் பிள்ளைகள் இருக்கும் குழுவில், யாரும் சொல்லாமலே பையன்கள் வழி பார்க்கப் போய்விடுவார்கள். பெண்கள் சோற்றுப் பொட்டலம் பிரிப்பார்கள். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘இயல்பு’ என்று இவர்கள் சொல்வது, ஊரிலும் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கும் மேல்கீழ் வரிசை. அதை மலைக்குத் தூக்கிப் போய், அங்கே ஒரு சான்றிதழும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு இறங்குகிறோம்.

இதற்கு மாற்று இருக்கிறது. நோல்ஸ் பள்ளியில் ‘இன்றைய தலைவர்’ என்ற முறை உண்டு. ஒவ்வொரு நாளும் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, அவர்கள் தலைமையை நான்காகப் பிரித்துப் பார்ப்பது. பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் நடத்துவது ஒன்று. சக தோழர்களாகச் சேர்ந்து நடத்துவது ஒன்று. தன்னைத்தானே நடத்திக்கொள்வது ஒன்று. வேறொருவர் தலைமையில் விழிப்போடு பின்தொடர்வதும் ஒன்று. பின்தொடர்வதைத் தலைமையின் ஒரு வகையாக எண்ணும் பயிற்சியில், சத்தமாகப் பேசும் பையன் ஒரு நாள் முழுக்க, மெல்லப் பேசும் பெண்ணின் முடிவைக் கேட்டு நடக்கக் கற்றுக்கொள்கிறான். அவனுக்கு அதுதான் மலையைவிடக் கடினமான ஏற்றம்.

பிரிட்டனில் 1956இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டமும் இப்படிப்பட்டதுதான். அதன் முதல் இயக்குநர் ஜான் ஹன்ட், 1953இல் எவரெஸ்ட்டை வென்ற பயணத்தின் தலைவர். டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றபோது அவர் உச்சியில் இல்லை. மற்ற இருவரை உச்சிக்கு அனுப்பி வைத்த பயணத்தை நடத்தியவர் இளைஞர்களுக்கான திட்டத்துக்கு முதல் பொறுப்பாளரானார். அந்தத் திட்டத்தில் நடைப்பயணம் நான்கிலிருந்து ஏழு பேர் கொண்ட குழுவாகவே நடக்கும். வழியை அவர்களே வரைய வேண்டும், உணவை அவர்களே சுமந்து சமைக்க வேண்டும். உயர்நிலையான தங்க விருதுக்கு நான்கு பகல், மூன்று இரவு. யார் முதலில் வந்தார் என்ற கணக்கு அதில் இல்லை. குழுவாகச் சேர்ந்து முடித்தார்களா என்பதே கணக்கு.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், சபரிமலைக்கு நடந்து போகும் நம் ஊர்க் குழுக்களைப் பார்க்கச் சொல்வேன். பதினெட்டு முறை மலைக்குப் போனவரைக் குருசாமி என்பது வழக்கம். முதல் முறை போகிறவர் கன்னிசாமி. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் போகும் பெருவழிப் பாதையில் நல்ல குருசாமி முன்னால் ஓடுவதை நான் பார்த்ததில்லை. கன்னிசாமி எங்கே வருகிறார், யாருக்குக் காலில் கொப்புளம், யார் சரியாகச் சாப்பிடவில்லை என்று பார்த்தபடி குழுவின் பின்பாதியில் வருவார். தண்ணீர் கிடைக்கும் இடத்தில் யாரை முதலில் உட்கார வைப்பது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய தகுதி வேகத்தில் இல்லை. எத்தனை கன்னிசாமிகளைப் பத்திரமாக அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார் என்பதில் இருக்கிறது. இந்த அறிவு நம் பாட்டன்மார் காலத்திலிருந்து இருக்கிறது. பதக்கத்துக்காக அதை மறந்துவிட்டோம்.

உச்சி ஒரு தூண்டில்

மூன்றாவது பதில் உச்சியைப் பற்றியது. அதைத் தொட்டால் நம்பிக்கை பிறக்கும் என்கிறார்கள். பிறக்கலாம். ஆனால் உச்சியை மட்டும் வெற்றி என்று சொல்லிக்கொடுத்தால், திரும்பி வருவது தோல்வி என்றும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம். மலையில் மனிதர்களைக் கொல்லும் பாடம் அது.

1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மேட்டுநிலத்தில் எடின்பரோ பள்ளி மாணவர்களின் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. உயரத்தில் இருந்த ஒரு சிறிய ஒதுங்கு குடிலை எட்டிவிட வேண்டும் என்பது திட்டம். எட்ட முடியவில்லை. திறந்த வெளியில் இரண்டு இரவுகள் கழிந்தன. ஐந்து மாணவர்களும், துணைக்குச் சென்ற இளம்பெண் ஒருவரும் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே எழுந்த பெரிய விவாதங்களில் ஒன்று, அந்தக் குடில் இருந்ததே ஆபத்தா என்பது. காப்பதற்காகக் கட்டிய குடில், எப்படியாவது அங்கே போய்ச் சேர வேண்டும் என்று மக்களை இழுக்கிறது என்று பலர் வாதிட்டார்கள். பிற்பாடு அந்தக் குடில் அகற்றப்பட்டது. போய்ச் சேர வேண்டிய புள்ளி ஒன்று மனத்தில் உறுதியாகிவிட்டால், வானம் சொல்வது காதில் ஏறாது.

நமக்கும் குரங்கணி இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் அந்த மலைச்சரிவில், காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் இளைஞர்கள். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தீ வந்த பிறகு யார் தைரியமாக இருந்தார் என்ற கேள்விக்கு அங்கே பொருளில்லை. மார்ச் மாதத்தில் புல் எப்படி இருக்கும், எந்தப் பருவத்தில் எந்தச் சரிவில் கால்வைக்கக் கூடாது என்ற கேள்விகளுக்கு முதல் அடி வைப்பதற்கு முன்பே விடை கண்டிருக்க வேண்டும். தலைமை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில், ‘இந்தத் தேதி வேண்டாம்’ என்று சொல்லும் வாயில். அந்த வாய்க்கு எந்த முகாமிலும் பதக்கம் கிடையாது.

உச்சியைத் தொட்டவர்களில் பச்சேந்திரி பாலைவிட நமக்கு நன்றாகத் தெரிந்தவர் யார்? 1984 மே 23 அன்று எவரெஸ்ட்டைத் தொட்ட முதல் இந்தியப் பெண் அவர். அந்த நாளை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குச் சற்று முன் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். தென் கணவாய் முகாமுக்கு முன்னதாக வந்துவிட்ட அவர், சுமையோடு பின்னால் வந்துகொண்டிருந்த சக வீரர்களை நினைத்துக் கவலைப்பட்டார். ஃபிளாஸ்க்குகளில் பழச்சாறும் சூடான தேநீரும் எடுத்துக்கொண்டு, கடும் காற்றில் மறுபடி கீழே இறங்கினார். மறுநாள் உச்சிக்கு வேண்டிய சக்தியைச் சேமிக்க வேண்டிய நேரம் அது. பிள்ளைகளுக்குப் பச்சேந்திரியின் கதையைச் சொல்லும்போது இந்தக் கீழிறங்கலையும் சொன்னால், தலைமை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

வழிகாட்டி எங்கே நிற்க வேண்டும்?

இதுவரை சொன்னதை ஏற்பவர்களும் ஓர் இடத்தில் தயங்குவார்கள். “வழிகாட்டி கூடவே இருந்தால் முடிவெல்லாம் அவருடையது. பிள்ளைகள் என்ன தலைமை கற்பார்கள்? அவர் ஒதுங்கி நின்றால் யானையும் காட்டாறும் யார் பொறுப்பு?” வலுவான கேள்வி இது. ‘வழிகாட்டியோடு போவது வெறும் சுற்றுலா’ என்று எள்ளுபவர்களும், ‘பிள்ளைகளிடம் முடிவை விடவே கூடாது’ என்று அஞ்சுபவர்களும் இதே கேள்வியைத்தான் இரு பக்கமிருந்து கேட்கிறார்கள்.

பதில், முடிவுகளை இரண்டாகப் பிரிப்பதில் இருக்கிறது. சில முடிவுகளில் தவறினால் உயிர் போகும். வெள்ளம் வந்த ஓடையைக் கடப்பது, இடிமின்னல், புகை, யானையின் புதிய சாணமும் முறிந்த கிளையும், பாதையை விட்டு விலகுவது. இவை வழிகாட்டியின் கையில்தான் இருக்க வேண்டும், விவாதமே கூடாது. இன்னும் பல முடிவுகளில் தவறினால் கால் வலிக்கும், தாகம் எடுக்கும், நேரமாகும், கோபம் வரும். எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் முன்னால் யார் கடைசியில், எங்கே உட்காருவது, தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, களைத்தவரின் சுமையை யார் வாங்குவது, எத்தனை மணிக்குத் திரும்புவது. இவை அத்தனையும் பிள்ளைகளுடையவை. நம் முகாம்களில் நடப்பது நேர்மாறு. இந்த இரண்டாவது வகை முழுவதையும் பெரியவர்கள் விசிலால் முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஓடுவது மட்டும்.

ஜவ்வாது மலையில் அதை வேறுவிதமாகச் செய்த ஒருவரோடு நடந்திருக்கிறேன். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி, ஐம்பது வயதிருக்கும். அன்று எட்டு மாணவர்கள் மட்டும். முந்தைய நாள் மாலையே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன பழைய கணக்கு அது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். எட்டு கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு மணி 36 நிமிடம். பழகாத கால்கள், முதுகில் பை, ஆகவே பாதியைக் கூட்டினால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஏழு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு மேலே. எங்கே இருந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்புவது என்று மாணவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைய பொறுப்பு, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண்ணுக்கு விழுந்தது.

வழி முழுக்க அந்த வழிகாட்டி கட்டளையே இடவில்லை. “தம்பி, இப்ப மணி என்ன?” “பாப்பா, கடைசி ஆள் கண்ணுக்குத் தெரியுதா?” “தண்ணி எவ்வளவு மிச்சம்?” இப்படிக் கேட்டுக்கொண்டே வந்தார். மாணவர்கள் “அண்ணா, இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்பார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உச்சிக்கு இன்னும் ஒரு மேடுதான் பாக்கி. போய்விடலாம் என்று மூன்று பையன்கள் நின்றார்கள். அந்தப் பெண் எல்லோருடைய பாட்டிலையும் காட்டச் சொன்னாள். கடைசியில் வந்த பையனிடம், “உன்னால முடியுமா? உண்மையைச் சொல்லு” என்றாள். முடியாது என்றான். அவள் திரும்பினாள். முணுமுணுத்தபடி எல்லோரும் திரும்பினார்கள். வழிகாட்டி எதுவும் சொல்லாமல் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அன்று மழை வரவில்லை. இடி இடிக்கவில்லை. ஏறியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று மாலை உட்கார்ந்தபோது மூவரும் வாதிட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சுதான் அந்த முகாமின் உயிர். முடிவு சரியா என்பதை, பிறகு என்ன ஆனது என்பதை வைத்தா அளப்பது, முடிவெடுத்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்தா? கையெழுத்துப் போட்ட வாக்கை எப்போது மாற்றலாம்? முடியாது என்று எல்லோர் முன்னும் சொல்வதற்கு அந்தக் கடைசிப் பையனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது? பதினான்கு வயதில் இதைப் பேசிய பிள்ளைகள் எத்தனை பேர்? மலை இந்தப் பேச்சுக்குக் காரணத்தைக் கொடுத்தது. பேச வைத்தது மனிதர்கள்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய நல்ல வாய்ப்பு கூடி வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. மலையடிவாரச் சிற்றூர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். காட்டின் பருவம் தெரிந்தவர்கள் அவர்கள். பள்ளிகள் அவர்களை வழி காட்டும் கூலியாட்களாக நடத்தாமல் ஆசிரியர்களாக ஏற்க வேண்டும். வெளியூர்ப் பயிற்சியாளரின் விசிலைவிட, “கடைசி ஆள் கண்ணுக்குத் தெரியுதா?” என்ற கேள்விக்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டும். ஒரு நாளில் நூறு பேரை ஏற்றி இறக்கும் முகாமைவிட, எட்டுப் பேரை நான்கு முறை அழைத்துச் செல்வது பலன் தரும். செலவு கூடும் என்பார்கள். நூறு பேருக்குச் சான்றிதழ் அச்சடிக்கும் செலவையும் ஒருவரும் எதுவும் கற்காமல் திரும்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இப்போது எந்தப் பள்ளி என்னைத் துணைக்குக் கூப்பிட்டாலும் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன். பதக்கம் கூடாது. நேரத்தைக் குறிக்க வேண்டுமென்றால், கடைசி ஆள் வந்து சேர்ந்த நேரத்தைத்தான் குழுவின் நேரமாகக் குறிக்க வேண்டும். கடைசி ஆள் வராதவரை யாரும் வந்துவிட்டதாகக் கணக்கில்லை. இந்த ஒரு விதி போதும், முன்னால் ஓடுகிறவன் தானாகத் திரும்பிப் பார்ப்பான்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால், ஆண்டு மலரில் படம் வந்த அந்த நாளில் 28 பேரும் உச்சியைத் தொடவே இல்லை. அதை அன்றே தெரிந்து வைத்திருந்தவன், ஓடையருகே நிழலைப் பின்தொடர்ந்து உட்கார்ந்திருந்த அந்த ஒரு பையன்தான்.